மணி ஒலிக்காத தொலைபேசி: வீட்டுக் கம்பிப் பழுதை இனங்காணும் முறை

கடல் கடந்து வாழும் பிள்ளை, ஊரில் தனித்திருக்கும் தாயை வீட்டுத் தொலைபேசியில் அழைக்கிறது. மறுமுனையில் மணி ஒலிப்பது அதன் காதில் தெளிவாகவே கேட்கிறது. எவரும் எடுப்பதாக இல்லை. அம்மா கோயிலுக்கோ, உம்மா அயல் வீட்டுக்கோ போயிருக்கக்கூடும் என எண்ணிப் பிள்ளை அழைப்பைத் துண்டித்து விடுகிறது. தாயோ தொலைபேசிக்கு அருகிலேயே அமர்ந்து, இந்த வாரமும் அழைப்பு வரவில்லையே என்று கவலை கொண்டிருக்கிறார். இருவர் மீதும் தவறில்லை. வீட்டின் வெளிச்சுவரில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது, அவ்வளவே.

கையடக்கத் தொலைபேசி கைக்குக் கை வந்துவிட்ட இக்காலத்தில் வீட்டுத் தொலைபேசியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வீண் வேலையாகத் தோன்றலாம். ஆயினும் முதியோர் பலர் இன்றும் நம்பியிருப்பது அதனைத்தான். சிறு திரையில் எழுத்தைத் தேடாமல், பழகிய கைக்கு எட்டும் இடத்தில், சத்தமாக மணியடிக்கும் அந்தக் கருவியே அவர்களுக்கு மருத்துவரையும் அயலாரையும் பிள்ளைகளையும் இணைக்கும் வழி. அது செயலிழந்தால் பாதிப்பு அவர்களுக்கே. செயலிழந்ததை அறிய முடியாத நிலை அதைவிடப் பெரிய பாதிப்பாகும்.

வீட்டுத் தொலைபேசியில் ஏற்படும் பழுதுகளுள் பெரும்பாலானவை எளிமையானவை. அவற்றை இனங்காண்பதற்குப் பொறியியல் கல்வி தேவையில்லை. ஓர் ஒழுங்குமுறையும் சிறிது பொறுமையுமே தேவை. எல்லாவற்றுக்கும் முதலாக விடை காணவேண்டிய கேள்வி ஒன்றே: பழுது வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

பழைய கம்பிகளின் காலம்

ஒரு தொலைபேசி இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் நமது நாட்டில் இருந்தது. அரச திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்புச் சேவை 1991இல் கூட்டுத்தாபனமாகவும், 1996இல் கம்பனியாகவும் மாற்றப்பட்டது. 1997இல் ஜப்பானிய நிறுவனமொன்று அதன் பங்காளராகியது. அதன் பின்னரே இணைப்புகள் விரைவாகப் பெருகின. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தினால் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்த விரிவாக்கம் 2002ஆம் ஆண்டின் யுத்த நிறுத்தத்துக்குப் பின்னர் ஓரளவும், 2009க்குப் பின்னர் பெருமளவும் இடம்பெற்றது.

அக்காலத்தில் வீடுகளுக்கு இழுக்கப்பட்ட கம்பிகளுக்கு இப்போது இருபது, இருபத்தைந்து வயதாகிறது. வெயிலில் அவற்றின் உறை வெடித்திருக்கிறது. கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டு இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. வீட்டைப் பெருப்பித்தபோது மேசன்மாரும் மின்வேலை செய்பவர்களும் கைக்கு அகப்பட்ட இடத்தில் முறுக்கி ஒட்டிய இணைப்புகளும் பல உள்ளன. எனவே பழுதுகள் பெருகுவதில் வியப்பில்லை.

இக்கட்டுரை செப்புக் கம்பி வழியாக வரும் இணைப்புகளையே முக்கியமாகக் கருதுகிறது. ஒளியிழை இணைப்பைப் பற்றி இறுதியில் தனியாகக் குறிப்பிடுவோம். சிம் அட்டை மூலம் இயங்கும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளுக்கு இது பொருந்தாது.

இணைப்பு இயங்கும் விதம்

வீட்டுத் தொலைபேசிக்குத் தேவையானவை இரண்டே இரண்டு செப்புக் கம்பிகள். வீட்டிலுள்ள கேபிளில் நான்கு கம்பிகள் இருந்தாலும், ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு ஓரிணை போதுமானது. இவ்விணை தொலைபேசி நிலையத்திலிருந்து நிலத்தடிக் கேபிள் வழியாகத் தெருவோரப் பெட்டிக்கும், அங்கிருந்து கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்கிறது.

தொலைபேசி நிலையத்திலுள்ள பெரிய மின்கல அடுக்குகள் இவ்விணைக்கு ஏறத்தாழ 48 வோல்ற்று நேரோட்ட மின்னழுத்தத்தை இடைவிடாது வழங்குகின்றன. ஊரில் மின்சாரம் நின்றாலும் பழைய தொலைபேசி இயங்குவதன் காரணம் இதுவே. ரிசீவர் கருவியின் மீது வைக்கப்பட்டிருக்கும் வரை சுற்று திறந்திருக்கும், மின்னோட்டம் பாயாது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடப்படுகிறது; சில பத்து மில்லி அம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. இதனை உணரும் நிலையம், டயல் ரோன் எனப்படும் தொடர் ஒலியை அனுப்புகிறது. அழைப்பு வரும்போது மணியை ஒலிக்கச் செய்வதற்காக அதே கம்பிகளில் 75 முதல் 90 வோல்ற்று வரையான ஆடலோட்டம் விட்டுவிட்டு அனுப்பப்படுகிறது.

இங்கே ஓர் உண்மையை மனதிற் கொள்ளவேண்டும். அழைப்பவரின் காதில் கேட்கும் மணியோசை நமது வீட்டுக் கருவியிலிருந்து செல்வதன்று. அது தொலைபேசி நிலையம் உண்டாக்கும் ஒலி. வீட்டுக் கம்பி அறுந்திருந்தாலும், ரிசீவர் வைக்கப்பட்டிருக்கிறது என்றே நிலையம் கருதும். ஆகவே அழைப்பவருக்கு மணி ஒலிப்பதாகவே காட்டும். நாம் முதலிற் குறிப்பிட்ட தாயும் பிள்ளையும் ஏமாந்தது இதனாலேயே.

பழுதின் மூன்று வகைகள்

கம்பியில் ஏற்படும் பழுதுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கம்பி அறுபடுதல். இணையில் ஒரு கம்பி அறுந்தாலும் போதும், கருவியில் எந்தச் சத்தமும் இராது. அழைப்பவருக்கு மணி ஒலிப்பது கேட்கும். வீட்டில் மணி ஒலிக்காது.

இரண்டாவது, இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுதல். இதனைக் குறுஞ்சுற்று என்பர். உறை உரிந்த இடத்தில் கம்பிகள் ஒட்டிக்கொண்டால், எவரோ ரிசீவரை எடுத்து வைத்திருப்பதாக நிலையம் கருதும். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவ்விணைப்பை ஒதுக்கி வைக்கும். அழைப்பவருக்கு இலக்கம் பாவனையில் உள்ளதென்ற ஒலியே எந்நேரமும் கேட்கும்.

மூன்றாவது, கசிவு. ஈரம், களிம்பு, பழுதடைந்த உறை ஆகியவற்றின் ஊடாகச் சிறிதளவு மின்னோட்டம் ஒரு கம்பியிலிருந்து மற்றதற்கோ நிலத்துக்கோ கசிகிறது. இரைச்சல், கரகரப்பு, அயலார் பேச்சு மெல்லக் கேட்டல் என்பன இதன் அறிகுறிகள். மணி ஒரு தடவை ஒலித்து நின்றுவிடுவதும் உண்டு. கசியும் மின்னோட்டத்தைக் கண்டு, அழைப்புக்கு விடையளிக்கப்பட்டு விட்டதாக நிலையம் தவறாகக் கொள்வதே அதற்குக் காரணம்.

எனவே முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கையடக்கத் தொலைபேசியிலிருந்து வீட்டு இலக்கத்தை அழைத்துக் கேட்டாற் போதும். கையில் மணியோசை கேட்டு வீட்டில் மணி ஒலிக்காவிட்டால், கம்பி அறுந்திருக்கலாம். அல்லது கருவியின் மணி நிறுத்தப்பட்டிருக்கலாம். எவரும் பேசாத வேளையிலும் பாவனை ஒலி கேட்டால், கம்பிகள் ஒட்டியிருக்கலாம்; அல்லது வீட்டின் ஏதோவோர் அறையில் ரிசீவர் சரியாக வைக்கப்படாதிருக்கலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. வழமையாக வீட்டிலிருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று முறை அழைத்தும் எவரும் எடுக்காவிட்டால், ஆளில்லை என்று முடிவு செய்யாது, அயலவர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யவேண்டும்.

கம்பியைத் தொடுவதற்கு முன்னர்

பழுது என்று முறையிடப்படுவனவற்றுட் சில, பழுதே அல்ல. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் ரிசீவர்களும் சரியாக வைக்கப்பட்டுள்ளனவா என்று முதலிற் பார்க்கவேண்டும். கருவியின் அடியிலோ பக்கத்திலோ உள்ள மணிக் கட்டுப்பாடு நிறுத்தப்பட்ட நிலையில் உள்ளதா என்றும் நோக்கவேண்டும். தூசு துடைக்கும்போது அது இடம் மாறிவிடுவது சாதாரணம். டயல் ரோன் கேட்டும் இலக்கம் அழுத்தினால் அழைப்பு போகாவிட்டால், சில கருவிகளில் உள்ள துடிப்பு முறை, தொனி முறை என்ற தெரிவு மாறியிருக்கலாம். கட்டணம் நிலுவையிலுள்ளதால் வெளியழைப்பு நிறுத்தப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வயர்கள். ரிசீவரையும் கருவியையும் இணைக்கும் சுருள் வயரே அதிகம் இழுபட்டு அதிகம் தேய்வது. பேசும்போது அதனை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருமாயின் குற்றம் அதனுடையதே. சுவருக்குச் செல்லும் வயரின் பிளக்கைத் தாங்கும் சிறிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால், பிளக் தானாகவே சற்று வெளியே நழுவி நிற்கும். இவ்விரு வயர்களும் கடைகளிற் குறைந்த விலைக்குக் கிடைப்பவை. மாற்றிப் பார்ப்பதே சோதனையும் பரிகாரமுமாகும்.

மின்சாரத்தில் இயங்கும் கோட்லெஸ் தொலைபேசியை மட்டும் கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அதன் மின்கலமோ மின்னிணைப்போ பழுதடைந்தாலும் தொலைபேசி இணைப்பே செயலிழந்தது போலத் தோன்றும். வயருடன் கூடிய சாதாரண கருவியொன்று, நன்றாக இயங்குவதென உறுதியாகத் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது நன்று. சோதனைக்கு வேண்டியது அதுவே.

எல்லையைக் காணும் சோதனை

கம்பத்திலிருந்து வரும் வயர் வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. வேலையாட்கள் இதனை ரொசெட் பெட்டி என்று அழைப்பர். இப்பெட்டியே எல்லை. இதற்கு வெளியே உள்ளதைச் சீர்செய்வது சேவை வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு என்பதும், உள்ளே உள்ளது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதும் பல நாடுகளிலும் பொதுவாக உள்ள நடைமுறை.

சோதனை பின்வருமாறு: வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும், தொலைநகல், இணைய ரவுட்டர், பாதுகாப்பு எச்சரிக்கைக் கருவி முதலிய அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். ஒன்றையேனும் மறந்தால் சோதனை பயனற்றது. பழுதடைந்த ஒரு கருவி முழு இணைப்பையும் முடக்கிவிடக் கூடும். பின்னர் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். நிலையம் ஒதுக்கி வைத்த இணைப்பை மீண்டும் வழமைக்குக் கொண்டுவர அந்த அவகாசம் தேவை. அதன் பின்னர் நல்ல கருவியை முதற் பெட்டியிலேயே செருகிப் பார்க்க வேண்டும்.

டயல் ரோன் தெளிவாகக் கேட்டால், கழற்றிய கருவிகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் ரிசீவரை எடுத்துக் கேட்டபடி, மீண்டும் செருக வேண்டும். எதனைச் செருகியதும் ஒலி மறைகிறதோ அல்லது இரைகிறதோ, குற்றம் அதிலோ அதன் வயரிலோ உள்ளது.

முதற் பெட்டியில் ஒலி கேட்காவிட்டால், இன்னுமொரு படி உண்டு. பெட்டியைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் இணையும் உள் அறைகளுக்குச் செல்லும் கம்பிகளும் அங்கே சந்திப்பதைக் காணலாம். எது எங்கிருந்தது என்பதைக் கையடக்கத் தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு, உள்ளே செல்லும் கம்பிகளை மட்டும் கழற்றி, மீண்டும் கேட்க வேண்டும். இப்போது ஒலி வந்தால், சுவருக்குள் செல்லும் கம்பியிலே பழுது. அப்போதும் வராவிட்டால் பழுது வெளியே. அதற்குமேல் வீட்டில் எதையும் நோண்டுவதில் பயனில்லை; நிறுவனத்துக்கு அறிவிப்பதே முறை.

மல்ரிமீற்றர் வைத்திருப்போர் அதனை நேரோட்ட அளவில் வைத்து வெளியிணையை அளக்கலாம். ரிசீவர் வைக்கப்பட்ட நிலையில் 48 வோல்ற்றுக்கு அண்மித்த அளவும், எடுத்த நிலையில் பெரும்பாலும் 6 முதல் 12 வோல்ற்று வரையும் காட்டினால் வெளியிணைப்பு நலமாக உள்ளது. உள்ளே செல்லும் கம்பிகளைக் கழற்றிய பின்னரும் அளவு பூச்சியமாக இருந்தால், வெளியே கம்பி அறுந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது.

வீட்டின் உள்ளே தேடும் முறை

வீட்டுக்குள் கம்பி இருவிதமாக இழுக்கப்பட்டிருக்கலாம். ஒன்று, முதற் பெட்டியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகச் செல்வது. மற்றது, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து அதற்கடுத்த அறைக்கு எனச் சங்கிலிபோல் தொடர்வது. முன்னையதிற் கம்பி அறுந்தால் ஓர் அறை மட்டுமே பாதிக்கப்படும். பின்னையதில் அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள அறைகள் அனைத்தும் ஓய்ந்துவிடும். ஆகவே ஒலி கேட்கும் கடைசி அறைக்கும் கேட்காத முதல் அறைக்கும் இடையிலேதான் தேடவேண்டும்.

கம்பிகள் ஒட்டியிருந்தால் நிலைமை வேறு; எல்லா அறைகளிலும் ஒலி அற்றுப்போகும். அப்போது சங்கிலியை நடுவிற் பிரித்துப் பார்ப்பது சிறந்த வழி. பிரித்ததும் முன்பாதி இயங்கினால் பழுது பின்பாதியில் உள்ளது. இயங்காவிட்டால் முன்பாதியில் உள்ளது. பழுதுள்ள பாதியை மறுபடியும் நடுவிற் பிரிக்கலாம். எட்டுத் துண்டுகள் கொண்ட சங்கிலியிலும் இவ்வாறு மூன்றே சோதனைகளிற் பழுதான துண்டைக் கண்டுவிடலாம்.

சுவருக்குள் புதைந்த கம்பி பழுதானால் சுவரை உடைக்கத் தேவையில்லை. நான்கு கம்பிகள் கொண்ட கேபிளாயின் பயன்படுத்தப்படாத மற்ற இரண்டையும் இரு முனைகளிலும் மாற்றி இணைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரு விதியைத் தவறாது பின்பற்ற வேண்டும். கேபிளிற் கம்பிகள் இணையிணையாக ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். ஓர் இணையில் ஒரு கம்பியும் மற்ற இணையில் ஒரு கம்பியுமாக எடுத்தால் ஒலி வரும். ஆயினும் இரைச்சலும் கூடவே வரும். வெளியிலிருந்து வரும் மின் இடையூறு முறுக்கப்பட்ட இரு கம்பிகளையும் சமமாகத் தாக்கி ஒன்றையொன்று நீக்கிவிடுவதே அம்முறுக்கின் பயன். இணையைப் பிரித்தால் அப்பயன் அழிந்துவிடும்.

இரு கம்பிகளை வெறுங்கையால் முறுக்கி டேப் சுற்றுவது நமது வேலையாட்களின் பழக்கம். அத்தகைய இணைப்பு சில ஆண்டுகளிற் களிம்பேறிப் பழுதாகும். ஈரம் புகாத ஜெல் நிரப்பப்பட்ட சிறு இணைப்பான்கள் கிடைக்கின்றன. வெளிச்சுவரில் அவற்றையன்றி வேறெதையும் பயன்படுத்தலாகாது. தேவையற்றுப்போன பழைய பெட்டிகளைச் சுவரில் தொங்கவிடாது முற்றாகத் துண்டித்துவிடுவதும் நல்லது. எவரும் பாவிக்காத மூலையறைப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியதால் முழு வீட்டின் தொலைபேசியும் முடங்குவதுண்டு.

இரைச்சலும் மழையும்

கம்பி அறுந்தால் ஒலி இல்லை என்பதாற் பழுது தெளிவாகத் தெரியும். இரைச்சலோ வரும், போகும். அதனை ஒலியின் தன்மையால் இனங்காணலாம். அடங்காத ‘ம்ம்’ என்ற ரீங்காரம், மின்சார வயருக்கு மிக அருகே தொலைபேசி வயர் செல்வதையோ, நிலத்துக்குக் கசிவு இருப்பதையோ உணர்த்தும். 230 வோல்ற்று மின்சார வயரும் தொலைபேசி வயரும் ஒரே குழாயினுட் செல்வது இரைச்சலுக்கு மட்டுமன்றி உயிராபத்துக்கும் காரணமாகலாம். அவ்வாறு இருக்கக் கண்டால் தகுதியுள்ள மின்தொழிலாளர் ஒருவரை அழைத்து உடனே பிரிக்கவேண்டும். கரகரவென்ற விட்டுவிட்டு வரும் ஒலி, தளர்ந்த அல்லது களிம்பேறிய இணைப்பின் அடையாளம்.

மழை பெய்ததும் வந்து, வெயில் ஏறியதும் மறையும் இரைச்சல் பலருக்கும் அனுபவமானது. நிறுவனத்தின் பணியாளர் வரும்போது வெயில் அடித்திருக்கும்; அவர் பழுதில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அடுத்த மழைக்கு அது மீண்டும் வரும். வடக்குக் கிழக்கில் வாடைக் காற்றுக் காலத்திலும், மேற்கிலும் மலையகத்திலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் இது வாடிக்கை. இப்படிப்பட்ட பழுது பெரும்பாலும் வெளியிலுள்ள இணைப்பில் நீர் புகுவதால் உண்டாவது. எந்தெந்த நாட்களில் மழை பெய்தது, எப்போது இரைந்தது, எப்போது தெளிந்தது என்று நாட்காட்டியிற் குறித்து வைத்துப் பணியாளரிடம் காட்டினால் அவரும் தேடவேண்டிய இடத்தில் தேடுவார்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வெளியிலிருந்து வரும் வயர் நேராகப் பெட்டிக்குள் நுழைந்தால், அதன் வழியே வழியும் மழைநீரும் உள்ளே நுழையும். துவாரத்துக்குக் கீழே வயரைச் சற்று வளைத்துத் தொங்கவிட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிப் பெட்டிக்குள் செலுத்தினால், நீர் வளைவின் அடியிற் சொட்டிவிடும். தென்னோலையும் மரக்கிளையும் வயரில் உரசாதவாறு பார்ப்பதும், அணில் கடித்த அடையாளம் உண்டா என நோக்குவதும் பயன்தரும். எனினும் கம்பத்தில் ஏறுவதும், மின்சார வயருக்கு அருகில் உள்ள கிளையைத் தாமே வெட்டுவதும் கூடாது.

ஒரே கம்பியில் இணையம்

செப்புக் கம்பி வழியே இணையமும் பெறும் வீடுகளில் வேறொரு சிக்கல் எழும். மனிதக் குரல் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களிற் செல்கிறது. ஏ.டி.எஸ்.எல். இணையச் சமிக்ஞைகளோ அதனிலும் பன்மடங்கு உயர்ந்த மீடிறன்களில் அதே கம்பியிற் பயணிக்கின்றன. இரண்டையும் பிரிப்பதற்காகவே வடிகட்டி எனப்படும் சிறு பெட்டி தரப்படுகிறது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு வடிகட்டி வேண்டும். அல்லது முதற் பெட்டியிலேயே ஒரு பிரிப்பான் பொருத்தி எல்லாத் தொலைபேசிகளையும் அதன் பின்னால் இணைக்க வேண்டும். ரவுட்டரை வடிகட்டியின் தொலைபேசித் துளையில் இணைத்துவிட்டால் இணையம் கிடைக்காது.

பேசும்போது சீறல் கேட்பதும், மணி ஒலிக்கும்போது இணையம் அறுபடுவதும், வடிகட்டி இல்லாத ஒரு கருவி எங்கோ இருப்பதன் அறிகுறி. மறந்துபோன தொலைநகல் கருவியோ மாடியறைத் தொலைபேசியோ அதுவாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் வடிகட்டி இருந்தும் இணையம் அறுபட்டால், தளர்ந்த இணைப்பு ஒன்றைத் தேடவேண்டும்.

இடிமின்னலின்போது

இலங்கையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளைகளில் இடிமின்னல் கடுமையாக இருப்பது வழக்கம். தொலைவில் மின்னல் விழுந்தாலும் கம்பி அதன் தாக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவரும். ஆகவே இடி முழங்கும் வேளையில் வயருடன் கூடிய தொலைபேசியிற் பேசக்கூடாது. பிளக்குகளைக் கழற்றுவதாயின் வானம் இருளும்போதே கழற்றிவிட வேண்டும். மின்னல் தொடங்கிய பின்னர் கழற்ற முயல்வதும் கம்பியைத் தொடுவதே. அவசரமாகப் பேச வேண்டுமெனில் மின்னேற்றியிற் செருகப்படாத கையடக்கத் தொலைபேசியைப் பயன்படுத்தலாம்.

48 வோல்ற்று உலர்ந்த கைக்குப் பெரும் ஆபத்து விளைவிப்பதன்று. ஆனால் கம்பியைப் பிடித்திருக்கும் வேளையில் அழைப்பு வந்தால் மணிக்கான மின்னழுத்தம் திடுக்கிடச் செய்யும். ஏணியில் நிற்பவர் விழுந்துவிடக் கூடும். ஈரக்கையுடனோ ஈரத்தரையில் வெறுங்காலுடனோ பெட்டியைத் திறக்கலாகாது. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டோர் இவ்வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதே தகும்.

ஒளியிழைக்கு மாறிய வீடுகள்

செப்புக் கம்பிகளின் இடத்தை ஒளியிழை பிடித்து வருகிறது. அது வேகமானது, மழையீரத்தால் இரைவதில்லை, மின்னலையும் கடத்துவதில்லை. ஆனால் செப்புக் கம்பி கொண்டுவந்த ஒன்றை அது கொண்டுவருவதில்லை. அதுதான் மின்சாரம். ஒளியிழை வந்து சேரும் சிறு கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டமை எவருக்கும் மறந்திராது.

எனவே முதியோர் வாழும் வீட்டில் ஒளியிழைக் கருவிக்குச் சிறியதொரு மின்கலக் காப்பைப் பொருத்துவது ஆடம்பரமன்று. ரவுட்டர்களுக்கெனச் செய்யப்பட்ட சிறிய காப்புக் கருவிகள் சந்தையில் உள்ளன. வாங்குமுன் கருவியின் அடியில் எழுதப்பட்டுள்ள வோல்ற்று, அம்பியர் அளவுகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வீட்டுக் கம்பிகளை ஒளியிழைக் கருவியின் தொலைபேசித் துளையோடு இணைத்துத் தொடர்ந்தும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன்னர் வெளியிலிருந்து வந்த பழைய செப்பிணையை முதற் பெட்டியில் முற்றாகக் கழற்றியிருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் மின்னழுத்தம் வந்தால் கருவி பழுதடையலாம். கருவியிற் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்பது பொருள். அது வெளியிலுள்ள பழுதாகவோ, வீட்டுக்குள் ஒளியிழை இறுக வளைந்ததாகவோ இருக்கலாம். ஒளியிழையை மடித்து ஆணியடிக்கக் கூடாது. அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது. கண்ணுக்குப் புலப்படாத ஒளியாயினும் அது கண்ணுக்குத் தீங்கானது.

முறைப்பாடும் பொறுப்பும்

பழுது வெளியே என்று உறுதியானதும் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். ‘போன் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்வதால் எவருக்கும் பயனில்லை. எப்போதிருந்து, ஒலி அறவே இல்லையா அல்லது இரைகிறதா, அழைப்பவருக்குக் கேட்பது மணியா பாவனை ஒலியா, இணையமும் நின்றதா, முதற் பெட்டியில் நல்ல கருவியைச் செருகிப் பார்த்ததன் முடிவென்ன ஆகிய ஐந்தையும் சொல்ல வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுத் திகதியுடன் எழுதி வைக்க வேண்டும். நியாயமான காலத்துள் பரிகாரம் கிடைக்காவிடின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடும் வழி திறந்தேயிருக்கிறது. எழுதி வைத்த குறிப்புகள் அங்கே துணை நிற்கும்.

நிறுவனங்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. வெயில் நாளில் வந்து பார்த்துவிட்டுப் பழுதில்லை என்று கோவையை மூடுவது சேவையாகாது. வீட்டுக்கு வரும் பணியாளர் தாம் மாற்றிய கம்பி எது, எல்லைப் பெட்டி எது என்பதை வீட்டிலுள்ளோருக்கு அவர்களது மொழியில் விளக்கிவிட்டுச் செல்வாராயின், அடுத்த முறை அவர் வரவேண்டிய தேவையே எழாதிருக்கலாம். செப்பிலிருந்து ஒளியிழைக்கு மாற்றும்போது, மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நிற்கும் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதும் அவர்களது கடமையே. வீடு கட்டுவோரும் தொலைபேசிக் கம்பிக்கென மின்சாரக் குழாயினின்றும் வேறான ஒரு குழாயை வைத்து, எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்தால் பின்னாளில் எவரும் சுவரை உடைக்க நேராது.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பிள்ளைகளுக்கும் அயலாருக்கும் ஒரு பணி இருக்கிறது. தனித்து வாழும் முதியவர் தம் தொலைபேசி ஓய்ந்துவிட்டதை அறியமாட்டார். அறிந்தாலும் அதனை முறையிட அவரிடம் வேறு தொலைபேசி இராது. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், அவருடைய வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பேசுவதே மிகச் சிறந்த கம்பிச் சோதனை. அதற்குச் செலவாவது இரண்டு நிமிடங்கள். அழைப்புக்குப் பதில் இல்லையெனின், ஒருவர் படலையைத் திறந்து நேரிற் சென்று பார்த்துவர வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.